சுருள்கல்லுக்கு எண்ணெய்க் குளியல்

கல் வியாபாரத்தில் கல்லை எடை போட்டுவிடலாம், வாங்க வருகிறவரைத்தான் முடியாது. கடை வைத்துக் காய்ந்துபோன சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

அழகுக்கு மதிப்பில்லை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சங்கு, சிப்பியோடு காலேஜ்களுக்குப் பாடக்கல்லும் விற்றுவந்தேன். வலியசாலையிலிருந்து பூகர்ப்ப சாஸ்திர வாத்தியார் ஒருவர் வந்தார், சின்ன வயசு. நத்தைபோல் சுருண்டு கல்லாகிப்போன கடல்பிராணி வேண்டுமாம். பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன குறை கண்டீர் சாரே?" என்று கத்தினேன்.

அவர் சாந்தமாகச் சொன்னார்: "அழகாத்தான் இருக்கு அண்ணாச்சி. எந்தப் பாறையில கிடந்ததுன்னு இதுக்கே தெரியாதே!"

ரயிலில் வந்தவர்

அவர் ஆராய்ச்சி குஜராத்தின் கட்ச் பக்கத்துப் பாறைகளைப் பற்றியது. அங்கே ஜுராசிக் காலப் பாறை இரண்டு அடுக்கு, ஒன்றன்மேல் ஒன்று. எந்தச் சுருள் கீழடுக்கோடு நின்றுபோகிறது, எது மேலே புதிதாக வருகிறது என்று பார்த்துத்தான் இரண்டு காலத்துக்கும் நடுவே கோடு போட வேண்டும். அவருடைய டாக்டர் பட்டமே அந்தக் கோட்டில் தொங்கியது. ஆகவே தோண்டும்போதே ஒவ்வொரு கல்லிலும் அடுக்கை மையால் குறிக்கச் சொல்லி ரயிலில் வரவழைத்து, வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் வாத்தியார் பேயறைந்த முகத்தோடு கடைக்கு வந்தார். கூடப் போய்ப் பார்த்தால், கல்லெல்லாம் தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசி, துளசியோடு பூஜையறையில் இருக்கின்றன! மை போன இடம் தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. திட்ட வாயெடுத்தேன். கதவோரம் அழுதுகொண்டு நின்ற அவர் புதுப்பெண்டாட்டி முந்திக்கொண்டாள்:

"சாளக்கிராமம்னு நெனச்சேன் அண்ணா. பெருமாள் இத்தனை தூரம் ரயில்ல வந்திருக்காரேன்னு குளிப்பாட்டினேன்."

சுத்தியல் இறங்கவில்லை

வழி இருந்தது. கல்லை உடைத்தால், அந்தப் பிராணி செத்த அன்று உள்ளே புகுந்த சேறு அடுக்கைக் காட்டிக்கொடுக்கும். கீழடுக்கில் கடுகுபோல் மஞ்சள் மணி, மேலடுக்கில் சாம்பல் களிமண். வாத்தியார் சுத்தியலை எடுத்தார், வைத்தார். "உடைத்துப் போடும் சாரே! பட்டம் வேண்டாமா?" என்று குதித்தேன்.

"அவ கும்பிட்ட கல் அண்ணாச்சி" என்றார்.

அவள்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, துளசியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கற்களை அவர் முன்னால் நகர்த்தினாள். "சாளக்கிராமம் உடைஞ்சாலும் பூஜை உண்டுன்னு பெரியவா சொல்லுவா. உடைச்சுக்கோங்கோ."

உடைத்தார். மஞ்சள் ஒரு குவியல், சாம்பல் ஒரு குவியல். எந்தச் சுருள் எங்கே நின்றது என்று தெரிந்துபோயிற்று, கோடு விழுந்துவிட்டது. அவள் குனிந்து கேட்டாள்:

"கீழடுக்குப் பெருமாள் எது, மேலடுக்குப் பெருமாள் எதுன்னு சொல்லிடுங்கோ. இனிமே தனித்தனியாவே குளிப்பாட்டறேன்."

திட்ட வாயெடுத்த வீட்டில் தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிய கல் வியாபாரி, இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.