வெள்ளை வேண்டாம் என்றவள்

மாமா சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. உம்மாவின் கூடப்பிறந்த தம்பி. நான் என்றால் அவருக்கு உயிர். கார் வாங்கக் கடலூருக்குப் போனபோது உம்மாவையும் என்னையும் கூட்டிப்போனார்.

"வெள்ளைதான் தோது. தூரத்துலயே கண்ணுக்குத் தெரியும், எவனும் வந்து இடிக்க மாட்டான்" என்றார். பாலைவன ரோட்டில் பல வருடம் வண்டி ஓட்டியவர், தெரியாமலா சொல்வார்? ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வெள்ளைக் கார் வந்தால் அது ஏர்போர்ட்டுக்குப் போகிற வாடகைக் கார். ஒவ்வொரு முறையும் மாமாவை ஏற்றிக்கொண்டு போனது அதுதான். வெள்ளையை வாங்கினால் மாமா மறுபடி போய்விடுவார் என்று என் பெரிய மூளை முடிவு கட்டியது. சாம்பல் நிறத்தைக் காட்டி அடம்பிடித்தேன். என் பேச்சை மாமா தட்டியதே இல்லை. அதையே வாங்கினார்.

தை மாதப் பனியில், விடிகாலையில் சிதம்பரத்துக்குக் கிளம்பிய மாமாவின் கார்மேல் எதிரே வந்த லாரி மோதியது. கால் முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். லாரி டிரைவர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனிதர்.

"பனியில தார் ரோடும் வண்டியும் ஒரே கலரா இருந்துச்சு பாய். கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. வெள்ளையா இருந்திருந்தா பிரேக்கு புடிச்சிருப்பேன்" என்றார்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமாவின் காலை உடைத்தது நான்தான். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"கலரெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. நான் லைட்டு போட மறந்துட்டேன். தப்பு எம்மேலதான்."

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடங்கிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "லைட்டு போடக்கூடத் தெரியாதா மாமா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

போன மாதம் நான் கார் வாங்கப் போனேன். கூட வந்த உம்மா வெள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஒம் மாமன் லைட்டு போட்டுட்டுத்தான் போனான்டி, அந்தப் பனியில வெளிச்சம் எடுபடல. லாரிக்காரரே வாசல்ல வந்து எங்கிட்ட சொன்னாரு. புள்ளகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டான் ஒம் மாமன்."

லாரி டிரைவர் வந்துபோன பிறகு மூன்று நாள் நான் மாமாவோடு பேசவில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, "இனிமே லைட்டு போடுறேன்மா, மாமாவ மன்னிச்சிடு" என்று அவர்தான் என்னிடம் கெஞ்சினார். நானும் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன்.