செந்தாமரை ஊட்டிக்குப் புறப்பட்ட வாரம்

எம்பொண்டாட்டி செந்தாமரை நல்லவ. இத மொதல்லயே சொல்லிட்றேன், ஏன்னா நான் சொல்லப்போறதுல அது கொஞ்சம் மறஞ்சி போவும். காட்டு வேலையில மூணு ஆளு செய்யறத ஒத்தையா செய்வா. யாருக்கு ஒடம்புக்கு முடியலன்னாலும் கஞ்சி காய்ச்சி எடுத்துனு ஓடுவா. ஆனா எந்தம்பி பொண்டாட்டி அன்பரசி பேர எடுத்தா போதும், மூஞ்சி அப்டியே மாறிடும். ஒரு தடவ அன்பரசிக்கு காய்ச்சல்னு ரசம் கொண்டும்போய் குடுத்துட்டு வந்து, "காய்ச்சல்லயும் அவளுக்கு எப்டிய்யா முடி கலையாம கீது?"ன்னு கேட்டா.

நாங்க ஜவ்வாது மலையில சாமையும் புளியும் வெச்சி பொழைக்கறவங்க. பாகம் பிரிக்கும்போது மண்ணு காட்ட நான் எடுத்துக்கினேன், கல்லு காட்ட எந்தம்பி சந்திரன் தலையில கட்டிட்டேன். செந்தாமரைதான் ராத்திரி பூரா என் காதுல ஓதுனா, "கல்ல வாங்கிட்டு வந்துடாத"ன்னு. சந்திரனும் வாயத் தொறக்கல. அப்பால படவேட்டுலேர்ந்து அன்பரசிய கட்டிக்கினு வந்தான். அவ அந்த பாற மேல ஏறி நின்னு நாலு பக்கமும் பாத்துட்டு, "மாமா, இங்க டெண்ட் போட்டா ஜனம் வருங்க"ன்னா. நாங்க சிரிச்சோம். இப்போ சென்னையிலேர்ந்தும் பெங்களூர்லேர்ந்தும் கார் கார்ரா வராங்க. அந்த பாறையில நின்னாதான் பள்ளத்தாக்கு தெரியுதாம், நட்சத்திரம் தெரியுதாம். எங்க காட்டுல நின்னா எங்க வூட்டு பின்பக்கம்தான் தெரியுது.

இதெல்லாம்கூட செந்தாமரை எப்டியோ முழுங்கிட்டா. முழுங்க முடியாதது போன தை மாசம் நடந்துது. சந்திரனும் அன்பரசியும் கொடைக்கானலுக்கு டூர் போய்ட்டாங்க. அங்கயும் டெண்ட்டுலதான் தங்கினாங்களாம். திரும்பி வந்து அன்பரசி போட்டோவ காட்டறா. கூடாரத்துக்குள்ள கட்டிலு, மெத்த, ஆளுயரக் கண்ணாடி. இவ ஒவ்வொண்ணா பாத்துட்டு, "நல்லாக்கீதுடி"ன்னு சொல்லிட்டு வந்தா. வூட்டுக்குள்ள நொழஞ்சதும் சொம்ப எட்டி ஒதச்சா.

"யோவ், நான் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு ராத்திரி வெளிய தங்கியிருக்கேனா?"

யோசிச்சி பாத்தேன். திருவண்ணாமல தீபத்துக்கு போனாலும் மாடு கறக்கணும்னு அன்னைக்கே திரும்பிடுவா. ஜமுனாமரத்தூர் சந்தன்னா பொழுதுக்குள்ள வந்துடுவா. "ஆஸ்பத்திரியில தங்கனியே, பூபாலன் பொறந்தப்போ"ன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மூணு நாளு எனக்கு கொழம்புல உப்பே இல்ல.

அப்பால அவளே வாய தொறந்தா. அழுவல, சண்ட போடல. "எனக்கு ஒண்ணும் பெருசா வேணாம்யா. ஒரு ராத்திரி. வேற யாராவது சமைச்சி போடணும், நான் கால நீட்டி ஒக்காந்து துன்னணும். செத்துப் போறதுக்குள்ள ஒரே ஒரு ராத்திரி"ன்னா. அத சொல்லும்போது அவ மூஞ்சிய என்னால பாக்க முடியல. சரி போலாம்னேன்.

எங்க போறதுன்னு பேச்சு வந்துது. பக்கத்துல ஏலகிரி கீது, பஸ்ஸுல போய்ட்லாம்னேன். "கொடைக்கானலவிட ஒசரமா அது?"ன்னு கேட்டா. இல்லன்னேன். "எது ஒசரம்?" வேலூர்ல வேல பாக்கற எம்புள்ள பூபாலனுக்கு போன் போட்டு கேட்டோம். ஊட்டின்னான். அவ்ளோதான், ஊட்டின்னு முடிவாய்ட்ச்சி. மலையில பொறந்து மலையில வாக்கப்பட்டு, லீவுக்கும் மலைக்கே போறோமேன்னு நான் சொன்னது யாரு காதுலயும் ஏறல.

பூபாலன்தான் எடம் புட்சி குடுத்தான். அத டெண்ட்டுன்னு சொல்லக்கூடாதாம், கிளாம்பிங்காம். அந்த எடத்துல போன் எடுக்கற பொண்ணு ரொம்ப பொறுமசாலி. செந்தாமரை தெனமும் ஒரு சந்தேகம் கேப்பா.

"ஏம்மா, வெறகு நாங்க எடுத்தாரணுமா?"

"வேணாங்கம்மா, எல்லாம் நாங்களே பாத்துக்குவோம். சாயந்திரம் கேம்ப் ஃபயர் இருக்கும், நெருப்ப சுத்தி உக்காரலாம்."

"எதுக்கும்மா, பன்னி வருமா?"

அந்த பொண்ணு சிரிச்சிட்டா. எங்களுக்கு நெருப்பு போட்டு ஒக்கார்றதுன்னா கொல்லையில பன்னிக்கி காவலு. அது ஒரு சந்தோசம்னு இவளுக்கு எப்டி தெரியும்? இன்னொரு நாளு, "கட்டிலு அகலம் எவ்ளோ?"ன்னு கேட்டா. கொடைக்கானல் கட்டில போட்டோவுலயே அளந்து வெச்சிருந்தாபோல. பை வாங்கனா, ஸ்வெட்டர் வாங்கனா, ஜமுனாமரத்தூர்ல ஒரு தொப்பிகூட வாங்கனா. சித்திரையில, ஒரு வெள்ளிக்கெழம சாயந்திரம் அங்க போய் சேர்றதுன்னு ஏற்பாடு. மாட்ட பாத்துக்க ஆளு சொல்லியாச்சி. அன்பரசிகிட்ட மட்டும் மூச்சு வுடல. போய்ட்டு வந்து போட்டோவ மூஞ்சிக்கி நேரா காட்டணுமாம்.

இந்த நேரத்துலதான் அந்த சேதி வந்துது. அதே வாரம் அன்பரசியோட டெண்ட் அத்தனையும் ரொம்பிட்ச்சாம். பெங்களூர்லேர்ந்து ஒரு கூட்டம், அதுல வீடியோ எடுத்து போட்ற ஆளும் வராராம். வீடியோ வந்தா அன்பரசிய ஒலகமே பாக்குமாம். இத சந்திரனே வந்து வாயெல்லாம் பல்லா சொல்லிட்டு போனான். செந்தாமரைக்கி வவுறு எரிஞ்சிது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் எரிஞ்சிது. தள்ளிவுட்ட கல்லாச்சே.

எங்க ஊரு காளியம்மன் திருவிழாவுக்கு தேதி முன்கூட்டி கெடையாது. சித்திரையில ஏதாவது ஒரு செவ்வாக்கெழம காப்பு கட்டறது, அடுத்த செவ்வாக்கெழம திருவிழா. எந்த செவ்வான்றத ஊர்ல பத்து பேரு ஒக்காந்து முடிவு பண்ணுவோம். அதுல நானும் ஒரு ஆளு. காப்பு கட்டிட்டா வெளியூரு ஆளு யாரும் ஊரு எல்லைக்குள்ள ராத்தங்கக் கூடாது. சொந்தக்காரன்னாலும் பொழுதோட கெளம்பிடணும்.

"யோவ்"ன்னா செந்தாமரை. கொரலு தேனா வழியுது. "வர்ற செவ்வாயே கட்டிடலாமே. ஆத்தாவுக்கு செய்யறத தள்ளிப் போடலாமா?"

எனக்கு புரிஞ்சிட்ச்சி. புரிஞ்சும் போய் பேசினேன். மழ வர்றதுக்குள்ள முடிச்சிட்லாம், அது இதுன்னு நாலு சாக்கு சொல்லி அந்த செவ்வாயையே முடிவு பண்ண வெச்சேன். அன்னைக்கி வூட்ல எனக்கு வட சுட்டா.

செவ்வாக்கெழம காலையில கோயில்ல கூட்டம். காப்பு கட்டி முடிச்சதும் நாட்டாமை எழுந்து நின்னு வருசா வருசம் சொல்றத சொன்னாரு. "இன்னைலேர்ந்து திருவிழா முடியற வரைக்கும் வெளியூரு ஆளு ஊருக்குள்ள தங்கக் கூடாது." செந்தாமரை கழுத்த வளைச்சி அன்பரசிய பாத்தா. அப்டி ஒரு சிரிப்ப நான் எங்க கல்யாணத்துலகூட பாக்கல. நாட்டாமை நிறுத்தல. "உள்ளூரு ஆளு வெளிய தங்கக் கூடாது. எங்க போனாலும் ராத்திரி ஊரு எல்லைக்குள்ள வந்து படுக்கணும்."

அடக் கடவுளே! அந்த சிரிப்பு அப்டியே நின்னுட்ச்சி. நான் அவள பாக்கறேன், அவ என்ன பாக்கறா. வருசா வருசம் கேட்ட வார்த்ததான். ஆனா வெளிய போய் தங்கற பழக்கமே எங்களுக்கு இல்ல, அதனால அந்த பாதிய நாங்க காதுல வாங்கனதே கெடையாது. எங்களுக்கு காப்புன்னா அடுத்தவன் வரக்கூடாது, அவ்ளோதான். சாமி குத்தத்துக்கு துணிஞ்சி போறவளும் இல்ல செந்தாமரை. தேதிய மாத்தலாம்னு ஊட்டிக்கு போன் போட்டா, பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் எடமே இல்லன்னுட்டாங்க. அப்பால மழ, ஏரு, வெதப்பு. இந்த வருசம் அவ்ளோதான்.

அன்பரசி இன்னா பண்ணா தெரியுமா? ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, "எங்க ஊர்ல காப்பு கட்டிட்டோம் சார், அடுத்த வாரம் வாங்க"ன்னு மாத்திவுட்டா. அவங்களும் சரின்னுட்டாங்க. அந்த வீடியோக்காரரு திருவிழா அன்னைக்கி பகல்லயே வந்து எடுக்கறாராம். இத கேட்டுட்டு செந்தாமரை சுவத்துல தலைய முட்டிக்கல, அதான் பாக்கி.

எங்க ஊட்டி சேதிய பூபாலன் அவன் சித்தப்பன்கிட்ட ஒளறிட்டான். வியாழக்கெழம அன்பரசி வூட்டுக்கு வந்தா. "அக்கா, டெண்ட்டெல்லாம் சும்மாதான் கெடக்குது. ஊரு எல்லைக்குள்ளதான? நாளைக்கி நீங்களும் மாமாவும் வந்து தங்குங்க"ன்னா.

"எங்களுக்கு வூடு இல்லியா?"ன்னு செந்தாமரை கதவ சாத்திட்டா. அன்னைக்கி பூரா பொலம்பினா. எரக்கப்பட்றாளாம், என்ன பாத்து எரக்கப்பட்றாளாம்னு கறிவேப்பல செடிகிட்டகூட சொன்னா.

வெள்ளிக்கெழம சாயந்திரம் பாத்தா, ஸ்வெட்டர மாட்டிக்கினு, தொப்பி வெச்சிக்கினு, பையோட வாசல்ல நிக்கறா. "கெளம்புய்யா. நான் ஒண்ணும் அவ கூப்ட்டான்னு போவல. அப்டி இன்னாத்த கிழிக்கறான்னு பாக்கத்தான் போறேன். குத்தம் கண்டுபுடிக்காம வரமாட்டேன்"ன்னா. சித்திர வெயிலு எறங்கக்கூட இல்ல. ஊரே பாக்க பாக்க நாங்க ரெண்டு பேரும் எங்க காட்டு வழியா எந்தம்பி காட்டுக்கு டூர் போனோம்.

போனதும் சோதன ஆரம்பிச்சிட்ச்சி. மெத்தைய அமுக்கினா. தலகாணிய மோந்து பாத்தா. பாத்ரூம்ல வெரலால சுவத்த தேய்ச்சா. ஒரு குத்தமும் கெடைக்கல. "ம்"ன்னா. திரும்பவும் "ம்"ன்னா. அந்த பாற மேல போய் ஒக்காந்து பள்ளத்தாக்க பாத்தா, அதுக்கும் "ம்"தான். பாவமா இருந்துது எனக்கு.

அன்பரசி வந்து நின்னா. வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கறத கேட்டா. "அக்கா, ராத்திரிக்கி இன்னா சாப்ட்றீங்க? உங்களுக்கு இன்னா புடிக்கும்?"

செந்தாமரை வாய தொறந்தா. "இவருக்கு மொச்சக்கொட்ட கொழம்பு புடிக்கும்"ன்னா.

"மாமாவுக்கு இல்லக்கா. உங்களுக்கு."

"பூபாலனுக்கு வந்து..."ன்னு இழுத்தா, நிறுத்திட்டா. மூஞ்சி செவந்துபோச்சி. என்ன திரும்பி பாத்தா, நான் சொல்லுவேன்னு. சத்தியமா சொல்றேன், எனக்கும் தெரியல. அவ கையால இத்தன வருசம் துன்னவன், அவளுக்கு இன்னா புடிக்கும்னு தெரியாம பாறைய பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன்.

அன்பரசி அதுக்கு மேல கேக்கல. போய் சமைச்சி எடுத்தாந்து வெச்சா. எனக்கு மொச்சக்கொட்ட கொழம்பு. செந்தாமரைக்கி ஒரு தட்டுல சாமச்சோத்து காந்தலு, சட்டி அடியில செவசெவன்னு புடிச்சிருக்குமே, அத அப்டியே அட அடயா பேத்து வெச்சி, மோரும் சுட்ட மொளகாயும்.

"இதுக்குன்னே அடி புடிக்க வுட்டேங்கா"ன்னா அன்பரசி. "நான் வந்த புதுசுல பாத்திருக்கேன். எல்லாருக்கும் போட்டுட்டு நீங்க சட்டிய சொரண்டுவீங்க. சோறு மிஞ்சலன்னு துன்றாங்கன்னுதான் நெனச்சேன். ஒருநாளு சட்டி நெறைய சோறு இருந்துது. அன்னைக்கும் காந்தலதான் எடுத்தீங்க, கண்ண மூடிக்கினு துன்னீங்க."

அவ போய்ட்டா. செந்தாமரை கால நீட்டி ஒக்காந்து ஒரு வாய் துன்னா. கண்ணுல தண்ணி கொடகொடன்னு ஊத்துது. "பாத்தியாய்யா? இதயும் அவதான் கண்டுபுட்சிருக்கா. இதுலயும் அவதான் மொதல்ல"ன்னா ஆத்திரமா. ஆனா தட்டுல ஒரு பருக்க வெக்கல.

நான் கொழம்பு தட்ட தள்ளி வெச்சேன். தீஞ்ச சோத்த ஏன் துன்ற, தூக்கி நாயிக்கி போடுன்னு நான் அவள எத்தினியோ தடவ அதட்டியிருக்கேன். கல்ல வெச்சி எந்தம்பி சம்பாதிக்கட்டும், கொடைக்கானலு போவட்டும், ஒலகமே அவன் பொண்டாட்டிய வீடியோவுல பாக்கட்டும். எம்பொண்டாட்டிக்கி புடிச்சது இன்னான்னு என்னவிட அந்த அன்பரசிக்கி நல்லா தெரிஞ்சிருக்குதே, அதுக்குத்தான் எனக்கு இன்னும் காந்துது.