லொரெட்டா தண்ணீரில் இறங்கிய நாள்

டொராண்டோவிலிருந்து மொன்றியல் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முதல் பாதியில் ஏரியின் நீலம் மரங்களுக்கிடையே வந்து வந்து மறைந்தது, பிறகு சோளக்காடுகள். அரைத் தூக்கத்தில் இருந்தேன். பெயர்ப்பலகைகள் எந்த இடத்தில் பிரெஞ்சுக்கு மாறின என்று தெரியவில்லை. கண் விழித்தபோது ஓர் அகலமான ஆற்றின் மேல் போய்க்கொண்டிருந்தோம்.

நிலையத்தில் மலர் காத்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. சென்னையில் கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டுகள் என் அறைத்தோழி. இப்போது டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. மெட்ரோ பயணச்சீட்டு மூன்றே முக்கால் டாலர். ஆரஞ்சுத் தடத்தில் ஏறி வில்லா-மரியாவில் இறங்கினால் அவள் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி. மேப்பிள் மரங்கள் தெருவின் இரு பக்கமும் வளைந்து மேலே கைகோத்திருந்தன. அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள் பெட்டியை உருட்டிக்கொண்டு போனோம்.

"நாளைக்கு எனக்கொரு வேலை இருக்கு. நீயும் வாறியோ?" என்றாள் மலர். "கீழ்வீட்டு லொரெட்டாவோட நீச்சல்குளத்துக்குப் போகவேணும். நாளையோட பூட்டிப் போடுவினம். பேந்து அடுத்த கோடைக்குத்தான்."

கோடை முழுக்க இருவரும் போய் வருகிறார்களாம். லொரெட்டா நீச்சலுடை போட்டுக்கொண்டு கரையில் உட்கார்வாள், காலை நனைப்பாள், திரும்பிவிடுவாள். ஒருநாளும் இறங்கியதில்லை.

மறுநாள் மதியம் மூவரும் நடந்தோம். லொரெட்டாவுக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். உயரமான கறுப்பினப் பெண்மணி. தலைமுடியை வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்ட வெட்டியிருந்தாள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். ரயிலில் வேலைபார்த்த இந்த ஊர்க்காரரை மணந்துகொண்டு இளம்வயதில் இங்கே வந்திருக்கிறாள். வந்த புதிதில், தொலைபேசியில் கேட்டபோது வாடகைக்குக் காலியாக இருந்த வீடுகள் அவர்கள் நேரில் போனதும் நிரம்பிவிட்டதாக அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

குளம் திறக்கும்வரை பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் கேட்காமலேயே அவள் தன் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய அம்மா வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவள். வெளுத்த துணி மூட்டையைத் தம்பி ரேமண்டும் இவளுமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வழியில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான நகராட்சி நீச்சல்குளம். கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். வெயிலில் தார்ச்சாலை காலைச் சுடும். உள்ளே தண்ணீர் நீலமாக ஆடும். குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது அம்மா பழைய துணியில் இருவருக்கும் நீச்சலுடை தைத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் போன அன்று குளத்தின் பக்கம் லாரிகள் நின்றன. குளத்துக்குள் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களில் அங்கே புல் முளைத்துவிட்டது.

"எங்களோடு ஒரே தண்ணீரில் நிற்பதைவிட, தண்ணீரே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்" என்றாள் லொரெட்டா. "அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அப்புறம் குளம் இல்லை."

அடுத்த கோடையில் ரேமண்ட் ஆற்றுக்குப் போனான். நீந்தத் தெரியாது. மூழ்கிவிட்டான். தேடுவதற்குப் போலீஸ்காரர் யாரும் வரவில்லை. அவர்கள் தெரு ஆண்களே கயிறு கட்டிக்கொண்டு இறங்கித் தேடினார்கள். அதன் பிறகு அம்மா வீட்டில் வாளித் தண்ணீருக்கு மேல் எதிலும் இவளைக் கை வைக்க விடவில்லை.

குளத்துக்குக் கட்டணம் இல்லை. வாசலில் இருந்த பெண் எல்லோருக்கும் சொல்வதுபோல எங்களுக்கும் 'போன்ஜூர்' சொன்னாள். உள்ளே எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஒரே இரைச்சலாக இருந்தார்கள். நான் சல்வாரைச் சுருட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். மலர் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் நீந்திப் பழகியவள். இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டினாள்.

லொரெட்டா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மரங்களின் நிழல் தண்ணீரில் நீண்டது. பிள்ளைகளின் கூச்சல் எங்கோ தொலைவில் கேட்பதுபோல இருந்தது. நான் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தபோது அவள் படியில் இருந்தாள். அடுத்த படி. அப்புறம் தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டது. வாய் திறந்து மூச்சு வாங்கினாள். கைப்பிடிக் கம்பியை விடவில்லை.

மலர் அவள் முதுகுக்குக் கீழே இரு கைகளையும் கொடுத்தாள். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தன்னை மறந்து தமிழுக்கு மாறிவிட்டாள். "பயப்பிடாதேங்கோ. நான் பிடிச்சிருக்கிறன். விடமாட்டன்."

லொரெட்டாவுக்கு என்ன புரிந்ததோ, கம்பியை விட்டாள். தலை பின்னால் சாய்ந்தது, காதுகள் தண்ணீருக்குள் போயின, கால்விரல்கள் மேலே வந்தன. மலர் கைகளை மெல்ல விலக்கினாள். அந்த நெடிய உடல் ஒரு வாழைமட்டைபோல மிதந்தது. முகத்தில் மேப்பிள் இலைகளின் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த வானத்தை நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

எழுந்து நின்றபோது அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. முகத்தில் இருந்தது கோபம்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதற்கா லாரிலாரியாக மண் கொட்டினார்கள்?"

பிறகு அவளாகவே மறுபடி சாய்ந்தாள். விசில் ஊதி எல்லோரையும் கரையேறச் சொல்லும்வரை அவள் வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில், எனக்கு நீந்தத் தெரியுமா, எங்கே பழகினேன் என்று லொரெட்டா கேட்டாள். கல்குவாரியில் தேங்கிய மழைநீரில் என்று சொன்னேன். ஊரில் படிக்கட்டு வைத்த பெரிய கிணறு ஒன்று இருந்தது. எங்கள் தெருக்காரர்கள் அதில் இறங்கக் கூடாது, நாங்கள் தொட்டால் அது தீட்டு என்றேன். மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும் மலரிடம் நான் எந்தத் தெரு என்று சொன்னதில்லை. இப்போது மூன்று பேரும் ஒன்றாக நடக்கையில் அது தானாக வந்துவிட்டது.

மலர் நடையைத் தளர்த்தி என் பக்கமாக வந்தாள்.

"எங்கட வீட்டு வளவுக் கிணத்திலயும் அப்பிடித்தான்" என்றாள் தமிழில். "ஒதுக்கி வைச்ச ஆக்கள் வெளியில நிண்டு கை ஏந்துவினம். நாங்கள்தான் அள்ளி ஊத்துவம். அது பிழையெண்டு அப்ப எனக்குத் தெரியேல்ல, வசந்தி."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விலக்கவில்லை. கூடவே நடந்த லொரெட்டா, மலர் பேசிய தமிழில் ஒரு சொல்லுக்கும் பொருள் கேட்கவில்லை.

மறுநாள் காலை என் ரயில் மொன்றியல் தீவை விட்டு வெளியேறியது. மேற்கு முனைப் பாலத்துக்குக் கீழே ஆறு வெள்ளியாகக் கிடந்தது. என் ஊர் நினைவு வந்தது. எங்கள் கிணற்றில் யாரும் மண் கொட்டவில்லை. அதற்குத் தேவையே வரவில்லை. எங்களுக்காக யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் படிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் பாதிவரை நிறையும் என்கிறார்கள். இந்த ஆண்டு மழைக்கு நான் ஊரில் இருப்பேன், அந்தப் படிகளில்.