அண்ணன் செய்த படப்பெட்டி

என் அண்ணனுக்குப் பழைய கம்ப்யூட்டரைக் கண்டால் போதும், கால் நகராது. ஆபீஸ்களில் கழித்துக் கட்டியதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து மேய்வான். ரிப்பேர் கடையில் நாளெல்லாம் செய்கிற வேலை போதாதா என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

என் போட்டோ ஸ்டூடியோவுக்குப் படப்பெட்டி செய்து கொடுத்தவன் அவன்தான். யாரோ தூக்கிப் போட்ட ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க். எடுக்கிற படமெல்லாம் வயர் வழியாகப் போய் இரண்டிலும் ஒரே மாதிரி பதியும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். புதிதாக வாங்கப் போனால் விலையைக் கேட்டே மயக்கம் வரும். அதனால் அண்ணன்மேல் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

போன வாரம் ஒரு டிஸ்க் 'டிக் டிக்' என்று முனக ஆரம்பித்தது. மாற்றிக் கொடுக்க வந்த அண்ணன் சும்மா மாற்றிவிட்டுப் போகக் கூடாதா? தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று நல்ல டிஸ்கையும் கழற்றி, மாற்று டிஸ்க் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே ஆபீஸில் கழித்தவை, அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும். மாற்று டிஸ்கில் இருந்த பழைய பதிவுகளை அழிப்பதாக நினைத்து நல்ல டிஸ்கை அழித்துத் தொலைத்தான்!

மறுநாள் ஆல்பத்துக்கு அனுப்ப வேண்டிய கல்யாணப் படங்கள், இப்போது அந்த முனகுகிற டிஸ்கில் மட்டும்தான்.

"அடப்பாவி! அவங்களைத் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லவா?" என்று கத்தினேன்.

"கத்தாத. சூடு ஏறினா அது நின்னுடும். ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு."

கல்யாணப் படங்களை முதலில் மாற்று டிஸ்கில் நகலெடுக்கப் போட்டான். அவனோடு வந்திருந்த அண்ணி ஓர் அட்டையை எடுத்து விசிறினாள்.

"என் பிரசவத்துக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பதறல" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டிஸ்க் முனகும்போதெல்லாம் நகல் நின்றது, நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பிறகு மெல்ல நகர்ந்தது.

ஒருவழியாகக் கடைசிப் படமும் வந்தது. திறந்து பார்த்தால், மணப்பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். மற்ற பழைய படங்களும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. அதோடு அந்த டிஸ்க் வாயை மூடிக்கொண்டது. அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இனிமே உன் பெட்டியில கை வைக்க மாட்டேம்மா. புதுசாவே ஒண்ணு வாங்கிக்கோ."

அவன் குரல் உடைந்ததை என்னால் தாங்க முடியவில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"நீ கை வைக்காம வேற யாரு வைப்பா? முதல்ல ஒவ்வொரு டிஸ்க் மேலயும் எது எதுன்னு கொட்டை எழுத்துல எழுது. அப்புறம் இதே மாதிரி இன்னொரு பெட்டி செய். எல்லாப் படத்துக்கும் உங்க வீட்லயும் ஒரு நகல் இருக்கணும்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"எதிர் ஆபீஸ்ல நாளைக்கு நாலு கம்ப்யூட்டர் கழிக்கிறாங்களாம்" என்றான்.