டார்ச்சை அணைக்கச் சொன்னேன்

பொகவந்தலாவைத் தேயிலை மலையை நிலவு வெளிச்சத்தில் மட்டும் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போயா எனும் பௌர்ணமி நாளன்று ஒரு பாறைமேல் ஏறி, கமராவின் ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைக்கத் தயாரானேன்.

கூட வந்த மனைவி வானத்தைப் பார்த்தாள். "பனி எறங்குதுங்க. நான் முன்னால போயி வழி பாக்குறேன்."

"டார்ச்ச அணைச்சுட்டுப் போ. படம் கெட்டுப் போயிரும்."

அணைத்துவிட்டு, ஷட்டர் திறந்திருக்கையில் கமராவுக்கு முன்னாலேயே செடிகளுக்கிடையில் இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் பனி நிலவை மூடியது. பாறையின் விளிம்புகூடத் தெரியவில்லை. போன் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டதுபோல் திரும்பி வந்தது. கூப்பிட்டேன்.

"கானுக்குள்ள விழுந்துட்டேங்க. கால ஊன முடியல. நீங்க அசையாதீங்க, விழுந்துருவீங்க."

மழைநீர் ஓடும் அந்தப் பள்ளத்தில் அவள் கிடக்க, நான் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். பனி விலகும்வரை இருவராலும் பேசிக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. அவள் பேச்சு நின்றபோதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டதும் படத்தைக் கேட்டாள். மலை பகல்போல் துலங்கியது. இருட்டில் நடந்துகொண்டே இருந்ததால் அவள் பதியவே இல்லை.

"நான் எங்கங்க?" என்றாள்.

இப்போது அது வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஆளே இல்லாத அழகு என்கிறார்கள் பார்ப்பவர்கள். எனக்கு அதில் அவள் மட்டும்தான் தெரிகிறாள்.