டீச்சர் பங்கு

எட்டயபுரம் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசியில் பேச்சியம்மா அழைத்தார். "தம்பி, நம்ம டீச்சர் போயிட்டாவ." அவருக்குப் பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. விலங்கியல் துறையில் என்னோடு வேலை பார்த்த செல்வராணி மஞ்சள்காமாலையில் இறந்த தகவல் கல்லூரியிலிருந்து மறுநாள்தான் எனக்கு வந்தது. ஆடு மேய்ப்பவர்களுக்கு முதலில் தெரிந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான்.

இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர், டீக்கடையில் காலிக் கப்புகளைக் கேட்டு வாங்கும் விசித்திரமான பெண். அவற்றை மேய்ச்சல் புறம்போக்கில் விளிம்பு வரை புதைத்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைப்பார். ஊர்ந்து போகும் பூச்சிகள் உள்ளே விழும். தீக்குப் பிறகு எந்தப் பூச்சி முதலில் திரும்புகிறது, எது கடைசியில் என்று அப்படித்தான் கண்டுபிடித்தார். "புல்லு முளைச்சாப் போதாது, பூச்சி வரணும். அப்பதான் நிலம் பொழைச்சதுன்னு அர்த்தம்" என்பார்.

புதுத் தளிர் வரட்டும் என்று கோடையில் காய்ந்த புல்லைக் கொளுத்துவது மேய்ப்பவர்களின் வழக்கம். ஒரு வருடம் அந்த மேய்ச்சல் காட்டை முழுக்கக் கொளுத்திவிட்டார்கள். ஆலை முதலாளி ஒருவர் அந்த இடத்தைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். பார்வையிட வரும் அதிகாரி 'உயிரற்ற தரிசு' என்று எழுதினால் ஆடுகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. காசுள்ளவன் கண்ணுக்கு இல்லாதவனின் நிலம் எப்போதும் தரிசுதான்.

ஜீப்பை விட்டு இறங்கிய அதிகாரி சாம்பலைக் காலால் தள்ளினார். "இதுல இனி என்ன இருக்கு?"

செல்வராணி பேச்சியம்மாவின் குடத்துக்குக் கை நீட்டினார்.

"குடிக்க வச்சிருக்கேன் டீச்சர். பூச்சிக்கா ஊத்தப் போறிய?"

பூச்சிக்குத்தான் ஊற்றினார். கோடையில் கரிசல் ஆழமாக வெடித்துக் கிடக்கும். தீ மேலோடு போய்விடும்; வெடிப்பின் அடி குளிர்ந்தே இருக்கும். தண்ணீர் இறங்கியதும் சுவர்க்கோழிகளும் கருவண்டுகளும் எறும்புகளும் திமுதிமுவென்று மேலே ஏறின.

"ஏயப்பா! நமக்கு முந்தி இதுக பட்டா வாங்கிட்டுல்லா!" என்றார் பேச்சியம்மா. அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

"அப்ப தீயால ஒரு கெடுதலும் இல்லேன்னு எழுதிக்கலாமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள், நானும்தான். செல்வராணி ஆட்டவில்லை.

"இல்ல சார். வெடிப்புக்குள்ள இருந்தது தப்பிச்சிட்டு. புல்லுல ஒட்டியிருந்த கும்பிடுபூச்சி முட்டையெல்லாம் கருகிட்டு. எரியாத இடத்துல இருந்துதான் அது திரும்ப வரணும். இவிய ஒரு ஓரத்தையும் மிச்சம் வைக்கலயே."

மேய்ப்பவர்களில் மூத்தவரான சுடலைமுத்து கொதித்துப் போனார். "நீங்க யார் பக்கம் டீச்சர்?"

"ஒங்க பக்கந்தான் அண்ணாச்சி. அதான் சொல்லுதேன்."

நிலம் முதலாளிக்குப் போகவில்லை. ஆனால் தீ வைத்ததற்காக அந்தக் கோடை முழுக்க மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். ஆடுகளைப் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் வரை ஓட்டிப் போனார்கள். முதலாளிக்கு ஒரு கேள்வியும் இல்லை. தண்டனை மட்டும் வழக்கம்போல இவர்களுக்கு. யாரும் செல்வராணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கப் புதைக்கப் போவதை நிறுத்தவும் இல்லை.

மழைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு எழுந்தது. நடுக்காட்டில் புல்லை மேயும் வெட்டுக்கிளிகள் வந்திருந்தன. அவற்றைத் தின்னும் கும்பிடுபூச்சி ஒன்றுகூட இல்லை. தீ தாண்டாத ஓடைக்கு அக்கரையில் மட்டும் இருந்தன. செல்வராணி சுடலைமுத்துவைக் கூப்பிட்டு இரண்டு இடத்தையும் காட்டினார். அடுத்த கோடையில் காட்டின் குறுக்கே ஒரு பட்டையைக் கொளுத்தாமல் விட்டார்கள். அதற்கு 'டீச்சர் பங்கு' என்று பெயரும் விழுந்தது.

அவர் இறந்த பிறகு முதல்முறையாகப் போன வாரம் தீ வைத்தார்கள். காற்று திரும்பியது. தீயை அடித்து அணைக்கப் பச்சை வேப்பங்குழையோடு பட்டைக்கு முன்னால் நின்ற சுடலைமுத்து என்னைப் பார்த்துக் கத்தினார்: "வேடிக்கை பாக்கவா வந்தீரு வாத்தியாரே? டீச்சர் பங்குல கங்கு விழுது, அடியும்!"

அடித்தேன். பட்டை தப்பியது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வாக்கியம்: ஒங்க பக்கந்தான், அதான் சொல்லுதேன். எங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எங்கள் தவறையே சுட்டி இதைச் சொல்லி ஏற்கெனவே திட்டு வாங்கியிருக்கிறேன். இன்னும் வாங்குவேன்.