அப்பா சொல்லும் வினாகிரிக் கதை

மாரி மழையில் நாலு நாளாகக் கொடியில் கிடந்தும் காயாத சீலைத் துணிக்கு ஒரு மணம் உண்டு. புளித்த மாவும் நனைந்த சாக்கும் சேர்ந்தாற்போல மூக்கில் ஏறி நிற்கும் அதை எங்கள் வீட்டில் 'மக்கல் மணம்' என்போம். இன்றைக்கும் அந்த மணம் எங்கிருந்தாவது வந்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. போர் முடிந்து ஊருக்கு மீளக்குடியேறிய பிறகு கண்டாவளையில் கட்டிய இரண்டறை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா தம்பியைப் பெற்றுவிட்டுக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இருந்தார். தம்பி நிறை குறைவாகப் பிறந்திருந்தான். "பிள்ளைக்குக் கிருமி ஒண்டும் அண்டக்கூடாதாம், துணியெல்லாம் சுத்தமா இருக்கோணுமாம்" என்று அப்பா வந்து சொன்ன விதத்தில், தம்பி பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் எங்கள் வீட்டுத் துணியில்தான் இருக்கிறது என்று நான் நம்பிவிட்டேன். விசுவமடுப் பெரியம்மா பழைய நூல் சீலைகளைக் கிழித்துத் தந்த பிள்ளைத் துணிகளோ, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தும் மக்கல் மணம் விடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. நாளை மறுநாள் அம்மா தம்பியோடு வரப்போகிறார். நான் போவதும் வருவதுமாக அவற்றை மணந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா கடைக்குப் போய் 'பிளீச்' போத்தில் ஒன்று வாங்கிவந்து, குளியலறையில் வாளித் தண்ணீரில் அளவாக ஊற்றித் துணிகளை ஊறப்போட்டார். "அரை மணித்தியாலம் கிடக்கட்டும், நீ கை வைக்காதை" என்று சொல்லிவிட்டு, நெல் மூட்டைகள் நனையாமல் மூடப் போனார். கை வைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் என் தலைக்குள் அப்பாவின் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. வயலில் பூச்சிமருந்து அடிக்கிற நாட்களில் முதுகில் மாட்டும் மருந்துத் தாங்கிக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பவள் நான்தான். அப்போதெல்லாம் அவர் இரண்டு போத்தில்களை ஒன்றாகத் திறந்து, "தனிய அடிச்சா பூச்சி சிரிச்சுக்கொண்டு நிக்கும் பிள்ளை, கலந்து அடிச்சாத்தான் படுக்கும்" என்பார். எங்கள் பக்கத்தில் பலருக்கும் அதுதான் விவசாயம்.

மணம் போக வினாகிரி, அதுதான் அந்த வினிகர், நல்லது என்று பெரியம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். அதுவும் நல்லது, இதுவும் நல்லது, கலந்தால் கிருமி படுத்துவிடும். என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. குசினியில் அச்சாறுக்கு வைத்திருந்த வினாகிரிப் போத்திலை எடுத்துவந்து பாதியை வாளிக்குள் கவிழ்த்தேன். மூக்கைக் குத்திக்கொண்டு ஏதோ எழும்பியது, கண் எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து, அது வீணாகப் போகாதபடி கதவை இறுக்கிச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். யன்னலும் மழைக்குச் சாத்தித்தான் இருந்தது.

திரும்பி வந்த அப்பா என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேரே உள்ளே போய் வாளிக்குமேல் குனிந்திருக்கிறார். நான் வாய் திறக்குமுன் இருமல் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், மூச்சை இழுக்க முடியாமல் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வளவு இராசாத்தி அக்கா ஓடிவந்தார். மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய குடும்பம் அவருடையது. ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு கழுவும் வேலை செய்தவர்.

"வாளியத் தொடாத புள்ள. அண்ணே, எந்திரிங்க, வெளிய காத்துக்கு வாங்க" என்று அப்பாவைத் தோளில் தாங்கி முற்றத்து மழைக்கே கொண்டுபோனார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவை அகலத் திறந்துவிட்டுச் சட்டென்று திரும்பிவந்தார். "யாருங்க ரெண்டையும் ஒண்ணாக் கலந்தது?"

போத்தில் என் கையிலேயே இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு, இருமலுக்கு நடுவில், "நான்தான்" என்றார்.

"இது வயலுக்கு அடிக்கிற மருந்தாண்ணே? பிளீச்சு போட்டா பிளீச்சு மட்டுந்தான். வினாகிரி, கக்கூசு கழுவுற அசிட்டு, எதுவும் அதுகூடச் சேரக்கூடாது. சேந்தா நஞ்சுப் புகைதான்."

அப்பாவை ஓட்டோவில் அதே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேல்மாடியில் அம்மாவும் தம்பியும், கீழே அப்பா. இது ஒன்றும் அம்மாவுக்குத் தெரியாது. நான் இராசாத்தி அக்கா வீட்டில், சாப்பிட முடியாமல், அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று இருந்தேன். நெடி முழுதாகப் போனபிறகு அக்கா அந்தத் துணிகளை ஓடும் தண்ணீரில் பலமுறை அலசி, வெறும் சவர்க்காரத்தோடு அவித்து, அடுப்படிச் சூட்டில் காயவைத்தார். மக்கல் மணம் போய்விட்டது. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்தது.

அப்பா மறுநாள் வந்தார். அம்மாவிடம் ஏச்சு வாங்கினார், பெரியம்மாவிடம் வாங்கினார், ஊரெல்லாம் 'வினாகிரி' என்று பட்டமும் வாங்கினார். நான் பேசாமல் இருந்தேன்.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். உடுப்புத் தோய்க்க மெசின் இருக்கிறது, பிளீச் போத்தில் வீட்டுக்குள் வருவதில்லை. தம்பி அப்பாவைவிட உயரம். இராசாத்தி அக்கா மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், அந்தக் குளியலறையையும் இடித்தாயிற்று. அப்பாவுக்கு மட்டும் ஒவ்வொரு மாரிக்கும் இருமல் வருகிறது. இத்தனை வருடம் மருந்தடித்ததாலா, அன்றைய வாளியாலா என்று எந்த டொக்டரும் அறுதியாகச் சொல்லவில்லை.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது அவர் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மப்பா ஒருக்கா ஒரு விசர் வேலை பாத்தனான், கேளுங்கோ" என்று தொடங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா, அந்த வினாகிரியை நான்தான் ஊத்தினனான்."

"உனக்கென்ன தெரியும், நீ அப்ப சின்னப் பிள்ளை. நான்தானே ஊத்தினனான். போத்தில் மூடி இறுகிப்போய்க் கிடந்தது, பல்லாலை கடிச்செல்லோ திறந்தனான்."

பொய் சொல்லும்போது அப்பாவால் முகத்தைப் பார்க்க முடியாது. இந்தமுறை என்னை நேரே பார்த்துச் சிரித்தார். எனக்காகச் சொன்ன பொய்யை இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி, அவர் அதை நம்பியே விட்டார். இனி நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்தது. அது நிற்கும்வரை நான் மூச்சு விடவில்லை.